ஆளைப் பார்த்து வருகிற கோபம்

"நம்ம ஊர்க்காரன் ரோசக்காரன் அண்ணாச்சி. ரோட்டுல ஒருத்தன் குறுக்க வந்தா சும்மா விடமாட்டான்." திருநெல்வேலியில் டீக்கடை பெஞ்சிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தி வரை பெருமையோடு சொல்லப்படும் பேச்சு இது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். கடைக்கு வருகிறவரிடம் குழைந்து பேசுவார்கள், வீட்டில் பிள்ளையை அதட்டக்கூட யோசிப்பார்கள். வண்டிச் சாவியைத் திருகியதும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. கோபம் தன்னால வருது, நான் என்ன செய்ய? கத்தித் தீர்த்துட்டா மனசு லேசாயிரும். இந்த ரோட்டுல பொறுமையா போனா நம்மள இளிச்சவாயன்னு நினைச்சிருவான்.

இந்தப் பதில்களில் ஒன்றுகூட உண்மையில்லை. அவற்றைத் திருப்பித் திருப்பிச் சொல்லி நம்மை நாமே நம்பவைத்திருக்கிறோம். அந்த நம்பிக்கைக்குக் கொடுக்கிற விலை கொஞ்சநஞ்சமில்லை.

வண்ணார்பேட்டையில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தால் போதும். பழைய டிவிஎஸ் 50-ல் பின்னால் இரண்டு பால் கேனைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வருகிறார். வண்டி ஒருமுறை திக்கி நின்று மறுபடி கிளம்ப நாலைந்து விநாடி ஆகிறது. அதற்குள் பின்னால் நிற்கும் காரிலிருந்து ஹாரன் விடாமல் அலறுகிறது, கண்ணாடி இறங்குகிறது, "ஏல மூதி, வண்டிய எடுல" என்று சத்தம் வருகிறது. அவருக்கு வயது அறுபதுக்கு மேல். கத்தியவருக்கு முப்பது இருந்தால் அதிகம். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் ஒரு போலீஸ் ஜீப் ஓரங்கட்டாமல் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறது. அரை நிமிஷம் ஆகிறது. பின்னால் வரிசையாக ஏழெட்டு வண்டிகள். ஒரு ஹாரன்கூட இல்லை. எல்லோருடைய கையும் மடியில் இருக்கிறது, எல்லோருடைய முகத்திலும் அப்படி ஒரு சாந்தம்.

கோபம் தன்னால் வருகிறது என்பது உண்மையானால் அது ஜீப்பைப் பார்த்தும் வரவேண்டும். எம்.எல்.ஏ. கார் வழியை அடைத்தாலும் வரவேண்டும். மணல் ஏற்றிய டாரஸ் லாரி இண்டிகேட்டர் போடாமல் திரும்பினாலும் வரவேண்டும். அங்கெல்லாம் வருவதில்லை. வந்தாலும் பல்லுக்குள்ளேயே நிற்கிறது. ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் எதிரே இருப்பது யார், வண்டி எவ்வளவு பெரிசு, அடித்தால் திருப்பி அடிப்பானா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நாம் வாயைத் திறக்கிறோம். அவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போடுகிற ஒன்றைக் கட்டுப்படுத்த முடியாத உணர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆன்டனி டூப், ஆலன் கிராஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பச்சை விளக்கு விழுந்த பிறகும் வேண்டுமென்றே காரை எடுக்காமல் 12 விநாடி வரை நிறுத்திவைத்தார்கள். சில நேரம் அது பளபளக்கும் விலை உயர்ந்த கார், சில நேரம் துருப்பிடித்த பழைய கார். 1968-ல் வெளியான முடிவு இது: பழைய காரின் பின்னால் நின்றவர்களில் 84 சதவீதம் பேர் ஹாரன் அடித்தார்கள், விலை உயர்ந்த காரின் பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர்தான். இன்னொரு விஷயமும் அந்த ஆய்வில் இருக்கிறது. 'நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்' என்று மாணவர்களிடம் தனியே எழுதி வாங்கியபோது, பணக்காரக் காரைப் பார்த்துத்தான் சீக்கிரம் ஹாரன் அடிப்போம் என்று ஆண்கள் எழுதிக்கொடுத்தார்கள். மனசுக்குள் எல்லோரும் வீரர்கள். சாலையில் அந்த வீரம் துருப்பிடித்த காரைத்தான் தேடிப்போனது.

நம் ஊரில் ஸ்கூட்டியில் போகும் பெண்களிடம் கேட்டால் இதற்கு ஆய்வே வேண்டாம் என்பார்கள். அவர்கள் சரியாகத்தான் போயிருப்பார்கள். முந்திப்போகிறவன் திரும்பிப் பார்த்து, "பொம்பளைகிட்ட வண்டியக் கொடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போவான். பின்னால் அண்ணனோ கணவனோ உட்கார்ந்திருந்தால் அதே வாய் திறக்காது. டவுன் ரத வீதிகளில் தள்ளுவண்டிக்காரர், ஆட்டோக்காரர், சைக்கிளில் தென்னை ஓலை கட்டிப் போகிறவர், ரோட்டைக் கடக்கத் தயங்கும் கிழவி, இவர்கள்தான் நம் ரோசத்தின் எதிரிகள். ஒருவர்கூட நம்மைவிடப் பலசாலி இல்லை.

நம் பக்கத்தில் ஆளைப் பார்த்துப் போடும் அந்தக் கணக்கு இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இரண்டு பைக்குகள் உரசிக்கொள்கின்றன. கண்ணாடி உடைந்திருக்கும், அல்லது அதுகூட இருக்காது. முதல் வாக்கியம் வண்டியைப் பற்றியது. இரண்டாவது வாக்கியம், "எந்த ஊருல நீ?" கேட்கிறவனுக்குப் பூகோளத்தில் அக்கறை இல்லை. ஊர்ப்பெயரைச் சொன்னால் தெருவைக் கேட்பான். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். பைக்கின் முன்பக்கத்து ஸ்டிக்கரும், கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறமும் அதற்கு முன்பே பாதியைச் சொல்லியிருக்கும். அதன் பிறகு அது உடைந்த கண்ணாடியைப் பற்றிய தகராறாக இருப்பதில்லை. போன் போகிறது. ஆட்கள் வருகிறார்கள். சில நூறு ரூபாய்க் கண்ணாடிக்காக இரண்டு ஊர்கள் ஒரு வாரம் தூங்காமல் இருக்கும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகுதான் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் தடை செய்யச் சொன்னார். அந்தச் சம்பவம் சாலையில் தொடங்கியதல்ல. ஆனால் பதினேழு வயதில் கையில் கயிறு கட்டிக்கொண்டு 'நம்ம ஆளுக்கு ரோசம் ஜாஸ்தி' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பையன், பதினெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கி அதே கையால்தான் ஆக்ஸிலேட்டரைத் திருகுகிறான். பள்ளிக்கூட வாசலில் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அவன் தகப்பன் ரோட்டில் "எந்த ஊருல நீ" என்று கேட்பதைக் கம்பீரம் என்று கொண்டாடினால் யாருக்கு என்ன லாபம்?

ரோசம் இந்த மண்ணில் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. 1906-ல் வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிராக வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908 மார்ச் 12-ல் அவரைக் கைது செய்ததும் மறுநாள் திருநெல்வேலியே தெருவில் இறங்கியது. அது தன்னைவிட ஆயிரம் மடங்கு பெரிய அதிகாரத்தைப் பார்த்துக் காட்டிய ரோசம். அதற்குச் சிறையும் செக்கும் கூலியாகக் கிடைத்தன. பால்காரப் பெரியவரைப் பார்த்துக் கத்துவதற்கும் அதே பெயரைச் சூட்டிக்கொள்கிறோம். வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும் அவர் போராடிய தூத்துக்குடியும் பழைய திருநெல்வேலி ஜில்லாதான். அந்த ஊர்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் செய்கிற காரியமா இது?

'இது மண்ணின் குணம், மாறாது' என்பவர்களுக்குக் கொக்கிரகுளத்தில் ஒரு பதில் நின்றுகொண்டிருக்கிறது. சுலோச்சன முதலியார் பாலம். இன்று அதன் மேல் போகிற ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கதை தெரியும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பாலம் இல்லாத காலத்தில் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஆற்றைப் படகில்தான் கடக்கவேண்டும். படகோ குறைவு, கூட்டமோ அதிகம். யார் முதலில் ஏறுவது என்பதில் தினமும் தள்ளுமுள்ளு. 1840-ல் ஒருநாள் அது முற்றிக் கலகமாகி, உயிர்ப்பலியில் முடிந்தது என்று பாலத்தின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் சொல்கிறார்கள். அப்போது கலெக்டராக வந்த தாம்சன், பாலம் கட்டியே தீரவேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார், ஊர்ப்பணம் சேரும்வரை காத்திருக்காமல் தன் கைப்பணத்தைப் போட்டார். 1843-ல் பதினோரு வளைவுகளோடு பாலம் திறக்கப்பட்டது.

இந்தக் கதையை நான் இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, 'எனக்கு முன்னால் நீ போவதா' என்ற சண்டை மோட்டார் வண்டிக்கு முந்தியது, ஆளையே கொல்லக்கூடியது. இரண்டாவது, அன்றைக்கு இருந்த பெரியவர்கள் அதை ரோசம் என்று தட்டிக்கொடுக்கவில்லை. வெட்கப்பட்டார்கள். வெட்கப்பட்டதால்தான் ஒரு மனிதர் தன் சொத்தைக் கொட்டினார். எந்தச் சண்டை இனி நடக்கக்கூடாது என்று அந்தப் பாலத்தைக் கட்டினாரோ, அதே சண்டையை அதே பாலத்தின் மேல் நின்று போடுகிறோம். இப்போது படகுக்குப் பஞ்சம் என்ற சாக்கும் இல்லை. பக்கத்திலேயே இன்னொரு பாலம் போட்டாகிவிட்டது. ஜங்ஷனில் ரயில் பாதைக்கு மேலே, 1973-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் பெரிய வண்டிக்கு மேல்தளம், சின்ன வண்டிக்குக் கீழ்த்தளம் என்று பிரித்தே கொடுத்திருக்கிறது. இடம் கூடக்கூட அவசரம் குறையவில்லை.

மண்ணின் குணம் என்பது உண்மையானால் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிகளில் ரத்த ஆறு ஓடவேண்டும். நெல்லையப்பர் தேர் மூலையில் திரும்ப மணிக்கணக்கில் ஆகும். வெயில் மண்டையைப் பிளக்கும், தோளோடு தோள் இடிக்கும், காலை மிதிப்பார்கள். "பைய, பைய" என்ற குரலைத் தவிர வேறு சத்தம் எழுவதில்லை. மிதித்தவன் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்கிறான். அதே ஆட்கள், அதே தெரு. மறுநாள் பைக்கில் வரும்போது மட்டும் பொறுமை எங்கே போயிற்று? காத்திருப்பதில் கௌரவம் இருக்கிறது என்று அன்றைக்கு எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். மற்ற நாள்களில் காத்திருப்பவன் தோற்றவன் என்று முடிவு செய்திருக்கிறோம். நாமாக எடுத்த முடிவு அது.

'கத்தித் தீர்த்துட்டா லேசாயிரும்' என்பது படித்தவர்களையும் விடாத மூடநம்பிக்கை. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பகுதியினரை, கோபப்படுத்திய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு பகுதியினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தித் தீர்த்தவர்களுக்குத்தான் கடைசியில் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா இருந்தவர்கள் ஆறிப்போயிருந்தார்கள். 2024-ல் அவரும் சோஃபி ஷார்விக் என்பவரும் 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்தவற்றை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் அதே முடிவுதான். உடம்பின் படபடப்பைக் கூட்டுகிறவை பொதுவாகக் கோபத்தைக் குறைப்பதில்லை. மூச்சை நிதானிப்பது, உடம்பைத் தளர்த்துவது போல படபடப்பைக் குறைக்கிறவைதான் குறைக்கின்றன. பேட்டையில் ஒருவனைத் திட்டியவர், சேரன்மகாதேவி தாண்டியும் "அவனை விட்டிருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவதைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எத்தனை மனைவிமார்கள் கேட்டிருப்பார்கள்! லேசான மனசு அப்படிப் பேசாது.

அவசரத்தின் லாபத்தையும் ஒருமுறை கணக்குப் பார்த்துவிடலாம். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். 50-ல் போனால் 42 நிமிஷம், 60-ல் போனால் 35 நிமிஷம். ஏழு நிமிஷ லாபம், அதுவும் நடுவில் எங்கும் நிற்காமல் போனால். வீரவநல்லூர் பஜாரும் கல்லிடைக்குறிச்சி வளைவும் அந்த ஏழில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பிசான அறுவடைக் காலமாக இருந்தால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் முன்னால் போகும், கதிர் அறுக்கும் மிஷின் பாதி ரோட்டை அடைத்து ஊர்ந்துவரும், தாரின் ஒரு பக்கத்தில் நெல் காயும். உங்களுக்கு முன்னால் ஊர்கிற அந்த மிஷின் உங்கள் வீட்டுச் சோற்றுக்காகத்தான் ஊர்கிறது. மீதி லாபத்துக்காகத்தான் அதற்குப் பின்னால் நின்று ஹாரனை அழுத்திப் பிடிக்கிறோம், எதிரே என்ன வருகிறது என்று தெரியாமல் வலதுபுறம் ஏறுகிறோம். 60 வேகத்தில் ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் வண்டி ஓடிவிடும். திட்டுவதற்கு ஒருவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற இரண்டு விநாடி, கண்ணை மூடிக்கொண்டு 30 மீட்டருக்கு மேல் ஓட்டியதற்குச் சமம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். நாடு முழுக்க இறந்தவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டிக்காரர்கள், 32,825 பேர் நடந்து போனவர்கள். நம் கோபம் யாரைப் பார்த்து வருகிறதோ, சாவும் பெரும்பாலும் அவர்களைத்தான் தேடிப்போகிறது. அரசுக் கணக்கில் 'அதிவேகம்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது, இறப்புகளில் பெரும்பகுதி அதன் கீழ்தான் வருகிறது. 'கோபம்' என்று தலைப்பு இல்லை. முந்தியவனை முந்தத்தான் அந்த வேகம் பிடித்தான் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

சட்டத்திலும் அப்படித்தான். இந்தியாவில் சாலைக் கோபத்துக்கென்று தனிக் குற்றப்பிரிவு இல்லை. தகராறு ஸ்டேஷனுக்குப் போனால் முன்பெல்லாம் 294(பி), 323, 506(2) என்று மூன்று எண் விழும். ஆபாசமாகப் பேசியது, காயப்படுத்தியது, மிரட்டியது. 2024 ஜூலை 1-க்குப் பிறகு பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 296(பி), 115(2), 351(3) ஆகிவிட்டன. எண் மாறினாலும் அலைச்சல் மாறவில்லை. வேலைக்குப் போகிற பையனுக்குப் போலீஸ் சரிபார்ப்பிலும் பாஸ்போர்ட்டிலும் அந்த எண்கள் வந்து குறுக்கே நிற்கும்போதுதான் வீட்டில் அழுகிறார்கள். எதற்கு என்று கேட்டால், "சைடு கொடுக்கல" என்று பதில் வரும்.

கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவின் வழக்கு எல்லோருக்கும் தெரியவேண்டிய ஒன்று. 1988 டிசம்பர் 27, பாட்டியாலா. நடுரோட்டில் நின்ற வண்டியை நகர்த்தச் சொன்ன 65 வயது முதியவருக்கும் அவருக்கும் வாக்குவாதம். அப்போது சித்துவுக்கு 25 வயது. கையால்தான் அடித்தார், ஆயுதம் ஏதும் இல்லை. முதியவர் இறந்துபோனார். விசாரணை நீதிமன்றம் 1999-ல் விடுவித்தது, உயர்நீதிமன்றம் 2006-ல் மூன்றாண்டுத் தண்டனை கொடுத்தது, 2018-ல் உச்சநீதிமன்றம் ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு விட்டது. இறந்தவர் குடும்பம் விடவில்லை. மறுசீராய்வில் 2022 மே 19 அன்று ஓராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. உடல் பலம் உள்ள ஒருவனுக்குக் கையே ஆயுதம் ஆகலாம் என்று நீதிமன்றம் சொன்னது. சில நிமிஷ வாக்குவாதம், முப்பத்து மூன்று ஆண்டுகள் கோர்ட் படி. அவ்வளவு காலமும் பெயரும் புகழும் பதவியும் இருந்தவருக்கே அந்தக் கதி. ஜாமீனுக்கு நகையை அடகு வைக்கிற குடும்பங்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

'அப்போ தப்பு செஞ்சவனை விட்டுறணுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தட்டிக் கேட்பது வேறு, துரத்திப்போவது வேறு. வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு 112-க்குப் பேசுவதும் ஸ்டேஷனில் எழுதிக்கொடுப்பதும் தட்டிக் கேட்பது. முந்திப்போய்க் குறுக்கே நிறுத்தி இறங்குவது, தப்பைத் திருத்த அல்ல, தன் பெயரை நிலைநாட்ட. ஆபத்தாக ஓட்டியவனைத் தண்டிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 184-ஆம் பிரிவு இருக்கிறது. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவனுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் அபராதம், தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவைக்கு ஆயிரம் ரூபாய். இந்தக் கடைசிப் பிரிவை ஒரே ஒரு வாரம் ரத வீதிகளில் ஒழுங்காக நடைமுறைப்படுத்தினால் போதும், ஊர் எவ்வளவு அமைதியானது என்று நமக்கே தெரிந்துவிடும். காவல்துறை அதைச் செய்வதில்லை என்ற குறை எனக்கும் உண்டு. சாலை சரியில்லை, தென்காசி ரோட்டில் வேலை வருஷக்கணக்கில் இழுத்தது, எங்கே பார்த்தாலும் பள்ளம் தோண்டிப் போடுகிறார்கள் என்ற குறைகளும் நியாயம்தான். அந்தக் கோபத்தை அதற்குரிய ஆபீஸ் வாசலில் காட்டுங்கள், நானும் வருகிறேன். பள்ளம் தோண்டியவன் மேல் உள்ள ஆத்திரத்தைப் பள்ளத்தில் தடுமாறுகிற இன்னொரு பைக்காரன் தலையில் இறக்காதீர்கள்.

பஸ் டிரைவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் என் கோபம் வேறு பக்கம் திரும்புகிறது. தனியார் பஸ்களுக்கு நிமிஷக் கணக்கில் டைமிங். முன்னால் போகிற வண்டி இரண்டு நிமிஷம் தாமதித்தால் பின்னால் வருகிற வண்டியின் கலெக்சன் போய்விடும். கலெக்சனை வைத்து பேட்டா என்றால், டிரைவரின் வீட்டு அடுப்பு அந்த இரண்டு நிமிஷத்தில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் முன்னால் நடக்கும் சண்டையும், பிறகு ரோட்டில் ஒரே ஸ்டாப்புக்கு இரண்டு பஸ் பாய்வதும் அங்கிருந்து வருகின்றன. இதைத் தனிமனிதக் குணக்கேடு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. டைமிங்குக்கு நடுவே மூச்சுவிட இடம் வேண்டும், பேட்டாவைக் கலெக்சனிலிருந்து பிரித்து நிலையான சம்பளமாகக் கொடுக்கவேண்டும். முதலாளிகளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம்.

ஆனாலும் நான் பார்த்ததிலேயே நிதானமான ஓட்டுநர் ஒரு பஸ் டிரைவர்தான். பாபநாசம் போகிற அரசு பஸ்ஸில் அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வீரவநல்லூருக்கு முன்னால் ஒரு பையன் பைக்கை இடதுபுறமாக நுழைத்து, பஸ்ஸின் மூக்கை உரசுகிற மாதிரி குறுக்கே வெட்டினான். பிரேக் போட்டதில் நின்றவர்கள் எல்லாம் முன்னால் சாய்ந்தார்கள். போதாக்குறைக்கு அவன் திரும்பிப் பார்த்துக் கையை வேறு நீட்டினான். "எறங்கி ரெண்டு போடுங்க அண்ணாச்சி" என்றார் முன்னால் இருந்தவர். டிரைவர் கியரை இரண்டுக்கு மாற்றினார். வண்டியை வேண்டுமென்றே மெதுவாக்கி, பைக் கண்ணைவிட்டு மறைகிறவரை உருட்டினார். தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அவன் போயிட்டான். நான் அவனையே நினைச்சிட்டு ஓட்டுனா அடுத்த வளைவுல ரோட்ட யாரு பாக்கது?"

அந்த மனிதர் பயந்துபோய் விட்டுக்கொடுத்தார் என்று யாராவது சொன்னால் அவர்கள் பஸ் ஓட்டிப் பார்க்கட்டும். அவர் செய்தது தொழில். கோபம் அவருக்கும் வந்திருக்கும், கழுத்தில் வேர்வை இருந்தது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேகத்தைக் குறைத்தார், தூரத்தைக் கூட்டினார், ஆளைப் பார்வையிலிருந்து விலக்கினார். கோபம் ஏறினால் பார்வை குறுகும், ஸ்டியரிங்கில் பிடி இறுகும், முன்னால் போகிறவனைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இதைத் தெரிந்துவைத்திருப்பதும் கிளட்ச்சை எப்போது விடுவது என்று தெரிந்துவைத்திருப்பதைப் போன்ற வண்டி அறிவுதான். முன்வண்டிக்கும் நமக்கும் மூன்று விநாடி இடைவெளி விட்டுப் போகிறவனைக் குறுக்கே வருகிறவன் திடுக்கிட வைக்க முடியாது. பதினைந்து நிமிஷம் முன்னால் கிளம்பியவனுக்கு ரயில்வே கேட் எதிரியாகத் தெரியாது. கை நடுங்கினால் ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடித்து, மூச்சை இழுத்ததைவிட நிதானமாக விட்டு, பிறகு எடுக்கலாம். ஒருவன் துரத்தினால் வீட்டுக்குப் போகக்கூடாது. வீட்டைக் காட்டிக்கொடுத்தது போல ஆகும். ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்குக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ வண்டியை விடவேண்டும். கண்ணாடியை இறக்கக்கூடாது.

நம் வீடுகளில் இந்த அறிவுக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு எது போய்ச் சேருகிறது தெரியுமா? பெட்ரோல் டேங்க் மேல் ஐந்து வயதில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, அப்பா யாரிடம் கத்துகிறார், யாரிடம் சிரிக்கிறார் என்பதை முழுக்க மனப்பாடம் செய்துவிடுகிறது. எந்த வண்டிக்கு வழிவிட வேண்டும், எந்த வண்டியைத் திட்டலாம் என்ற பட்டியல் அதற்கு அத்துப்படி. பிறகு பதினெட்டு வயதில் ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது. எட்டு போடுவது வண்டியை வளைக்கத் தெரியுமா என்று பார்க்கிறது. வளைந்துகொடுக்கத் தெரியுமா என்று யாரும் பார்ப்பதில்லை. பழகுநர் தேர்வில் சின்னங்களைப் பற்றிக் கேட்பதோடு, ஒருவன் குறுக்கே வெட்டினால் என்ன செய்வாய், பின்னால் ஒருவன் துரத்தினால் எங்கே போவாய் என்றும் கேட்கவேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள், காலியான ரோட்டில் நாலு ரவுண்டு விடுவதோடு நிறுத்தாமல், சாயங்காலம் ஆறு மணிக்கு டவுன் வாகையடி முக்குக்கு மாணவனைக் கூட்டிவரவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து "ஹாரன் அடி, ஹாரன் அடி" என்று சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கள் அதை இன்றோடு நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் பார், காலை பிரேக்குக்குக் கொண்டுபோ, அந்தப் பெரியவர் முதலில் போகட்டும் என்று சொல்லித்தரட்டும்.